சும்மா இருக்கச் சொன்ன ஆறு பேர்

மதிப்பிற்குரிய பேராசிரியர் அம்மா அவர்களுக்கு,

தங்கள் மாணவியைப் பெற்றவன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தங்கள் துறையில் ஓடுகிறவர்களும், ஓடுகிறவர்களின் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு ஓடுகிறவர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நலம். விஷயமே அதுதான்.

வருகிற வியாழக்கிழமை என் மகள் தங்கள் அறைக்கு வந்து, "நான்தான் தப்பா அளந்துட்டேன் மேடம், முதல்லேருந்து மறுபடி செய்யறேன், ஒரு செமஸ்டர் போனா போகட்டும்" என்று சொல்லப் போகிறாள். தயவு செய்து நம்ப வேண்டாம். அவள் அளந்தது கடுகளவும் தப்பில்லை. தப்பு முழுக்க அளக்கப்பட்டவன் மேல். அந்த அளக்கப்பட்டவன் நான். அவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஆறு மாதத்தைத் தொலைப்பதற்குள் உண்மையைத் தங்கள் காதில் போட்டுவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவளிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் சாதாரண ஆள் இல்லை அம்மா. தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை வைக்கிற இலாகாவில் முப்பத்தொரு வருஷம் ஆய்வாளராக இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவனைப் பிடித்திருக்கிறேன். எடைக்கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டியவனைப் பிடித்திருக்கிறேன். லிட்டர் படியின் அடிப்பாகத்தை உள்பக்கமாகத் தட்டி வைத்தவனைக் கையும் படியுமாகப் பிடித்திருக்கிறேன். நான் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் தட்டுகள் தாமாகவே நேராகிவிடும் என்பார்கள். அப்படிப்பட்டவன் பெற்ற மகளின் ஆராய்ச்சியிலேயே கள்ள எடை போட்டுவிட்டேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவள் இந்த விளையாட்டு அறிவியல் படிப்பில் சேர்ந்தபோது, "ஓடறதுக்கு எதுக்கும்மா எம்.எஸ்ஸி.?" என்று கேட்டவன் நான். "ஓடறதுக்கு இல்லப்பா, ஓடினா என்ன ஆகுதுன்னு தெரிஞ்சுக்கறதுக்கு" என்றாள். "ஓடினா மூச்சு வாங்கும். இதுக்கு ரெண்டு வருஷமா?" என்றேன். "எவ்வளவு வாங்கும்னு அளக்கணும்ல?" என்றாள். அளக்கணும் என்று சொன்னாளே, அந்த ஒரு வார்த்தையில் விழுந்தவன்தான், அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. அதனால் இந்த வருஷம் ஆய்வு முறைகள் பாடத்துக்காக ஒரு ஆராய்ச்சி செய்ய வேண்டும், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய பன்னிரண்டு பேர் வேண்டும் என்று அவள் வந்து நின்றபோது, எங்கள் அடுக்குமாடியில் வீடு வீடாகக் கதவைத் தட்டி ஆள் பிடித்துக் கொடுத்தவனும் நானேதான்.

பன்னிரண்டு பேர் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி, எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் போட்டுக் குலுக்கினாள். ஆறு பேர் தினமும் காலையில் நாற்பது நிமிஷம் வேகமாக நடக்க வேண்டும். ஆறு பேர் கட்டுப்பாட்டுக் குழு. என் சீட்டு கட்டுப்பாட்டில் விழுந்தது. ஆய்வாளராக இருந்தவன் இல்லையா, மற்றவர்களைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு நமக்குத்தான் வந்திருக்கிறது என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு, "நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் செய்யக் கூடாதுப்பா. வழக்கமா எப்படி இருப்பீங்களோ அப்படியே எட்டு வாரம் இருங்க. சும்மா இருக்கறதுதான் உங்க வேலை" என்றாள். பன்னிரண்டு பேர் முன்னிலையில் சொன்னாள். என் மனைவிக்கு நடக்கிற குழுவில் இடம் கிடைத்திருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "உங்களுக்கு அதுல முப்பது வருஷ அனுபவம் இருக்கே."

அன்றைக்கே எல்லோரையும் அளந்தாள். அடேயப்பா, அந்த அழகை நான் சொல்லியாக வேண்டும். ஒவ்வொருவரையும் கதவைச் சாத்தி, பேச விடாமல், பத்து நிமிஷம் உட்கார வைத்து, நாடித் துடிப்பை மூன்று முறை எண்ணிச் சராசரி எடுத்தாள். எனக்குத் தொண்ணூற்றிரண்டு. பிறகு முதல் மாடி வராந்தாவில் மீட்டருக்கு மீட்டர் சாக்பீஸால் கோடு போட்டு, ஆறு நிமிஷத்தில் யார் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று பார்த்தாள். நான் நாடாவை எடுத்துக்கொண்டுபோய் அவளுக்குத் தெரியாமல் அந்தக் கோடுகளைச் சோதித்தேன். முப்பது மீட்டருக்கு அரை சென்டிமீட்டர்கூடப் பிசகில்லை. முத்திரைக் கருவி கையில் இருந்திருந்தால் வராந்தாவுக்கே முத்திரை வைத்திருப்பேன்.

இனி குற்றம். நடக்கிற ஆறு பேருக்கும் அடி எண்ணும் கருவி ஒன்றும், அதை மாட்டிக்கொள்ள நீல நிற பெல்ட் ஒன்றும் கொடுத்தாள். என் மனைவி அந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடிய நடையைப் பார்த்தால் ஏதோ பெரிய விருது வாங்கிவிட்டு வந்தவர் மாதிரி இருக்கும். "நான் கெளம்பறேன். நீங்க சும்மா இருங்க" என்று தினமும் காலை ஆறு மணிக்குச் சொல்லிவிட்டுப் பூங்கா பக்கம் போவாள். எத்தனை நாள்தான் ஒருவன் கேட்டுக்கொண்டிருப்பான்? ஆராய்ச்சி தொடங்கிய மூன்றாம் நாள் காலை, பேப்பர் வாங்கி வரலாமே என்று எழுந்தேன். பேப்பர்க்கடை எங்கள் வாசலிலேயே இருக்கிறது. அடுத்த கடையில் பார்ப்போம் என்று போனேன். அதற்கடுத்த கடை சரக்கு ரயில் கொட்டகைக்குப் பின்னால். திரும்பி வந்தபோது நாற்பத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது, கையில் பேப்பரும் இல்லை.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாள் கொட்டகை திருப்பத்தில், குல்லாவைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் எதிரே விறுவிறுவென்று வந்தார். எங்கள் மூன்றாம் மாடிப் பல் டாக்டர். அவரும் சும்மா இருக்கும் குழு. இரண்டு பேரும் நின்றோம். "பேப்பர் வாங்க வந்தேன்" என்றேன். "நானும்தான்" என்றார். ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு ஒரே திசையில் நடந்தோம். அடுத்த வாரம் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் பிடிபட்டார். அதற்கடுத்த வாரம் நூலகத்தில் வேலை பார்த்த அம்மாள். கடைசியாக, ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவர், தனித்தனியாக, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர். ஆக, சும்மா இருக்கச் சொன்ன ஆறு பேரும் சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் ஆஜர்.

சேர்ந்த பிறகு சும்மா நடக்க முடியுமா? நான் நாடா கொண்டுவந்து பாதையை அளந்தேன். போகவர இரண்டாயிரத்து நானூறு மீட்டர். வேகம் கண்டக்டர் பொறுப்பு. பழைய விசிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஒரு விசிலுக்கு நிற்க வேண்டும், இரண்டு விசிலுக்குக் கிளம்ப வேண்டும். மூச்சு வாங்கி யாராவது பின்தங்கினால், "உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி எடம் காலியா இருக்கு" என்பார். முதலில் வரிசையின் இரண்டு முனையிலும் நடந்த அண்ணனும் தம்பியும் ஐந்தாம் வாரம் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். ஏழாம் வாரம் சண்டை போட்டுக்கொண்டார்கள். சண்டை போடுகிற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டதே என்று நூலக அம்மாளுக்குப் பரம சந்தோஷம். எனக்கும்தான். உள்ளதைச் சொல்கிறேன் அம்மா, முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாக ஒரு சட்ட விரோதக் கூட்டத்தில் இருந்ததில்லை.

வீடு திரும்பியதும் குழாயடியில் முகம் கழுவி, சட்டை மாற்றி, நாற்காலியில் சாய்ந்து, மகள் எழுந்து வரும்போது பேப்பரும் கையுமாக இருப்பேன். ஒருநாள், "என்னப்பா, இப்படி வேர்த்திருக்கு?" என்றாள். "நாட்டு நடப்பு அப்படி இருக்கும்மா" என்றேன். பாவம், நம்பினாள். ஞாயிறுதோறும் ஒரு படிவம் கொடுப்பாள்: 'கடந்த ஏழு நாட்களில் வழக்கத்துக்கு மாறான உடல் உழைப்பு ஏதேனும் உண்டா?' முதல் இரண்டு வாரம் அவள் முகத்தைப் பார்க்காமல் 'இல்லை' என்று குறியிட்டேன். மூன்றாம் வாரம் பல் டாக்டர் ஒரு வழி சொன்னார். "இப்ப அதுவே நமக்கு வழக்கமாயிடுச்சே சார். வழக்கத்துக்கு மாறா என்ன செஞ்சோம்? நடக்காம இருந்தாத்தான் சொல்லணும்." இதே வாதத்தை ஒரு மளிகைக்கடைக்காரன் என்னிடம் வைத்திருந்தால் அவனுடைய தராசைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். டாக்டர் சொன்னபோது இனித்தது.

ஒன்றுதான் இனிக்கவில்லை. ஒருநாள் படிவங்களை அடுக்கிக்கொண்டே மகள் சொன்னாள்: "நடக்கிற குழுவுல யாராவது ஏமாத்துவாங்களோன்னு பயம் இருக்குப்பா. உங்க குழுவுல அந்தக் கவலையே இல்ல. சும்மா இருக்கறதுல என்ன ஏமாத்த முடியும்? அதுவும் நீங்க இருக்கற குழுவுல." அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலை ஒரு சுற்று அதிகமாக நடந்த பிறகுதான் பசித்தது.

எட்டு வாரம் முடிந்தது. மறுபடியும் வராந்தா, மறுபடியும் சாக்பீஸ் கோடு. எல்லோரும் தளர்ந்து நடக்க வேண்டும், நடுநடுவே சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று முந்தின நாளே பேசி வைத்திருந்தோம். நூலக அம்மாள் இருமிக்கூடப் பழகிக்கொண்டார். மகள் கடிகாரத்தை அழுத்தி "ஆரம்பிக்கலாம்" என்றாள். கண்டக்டர் வாய் தவறி "ரைட்!" என்றார். போச்சு. கால் பேச்சைக் கேட்டால்தானே! ஆறு பேரும் சாக்பீஸ் கோடு அழிகிற மாதிரி பறந்தோம். எனக்கு முன்னைவிட எண்பத்தேழு மீட்டர் அதிகம். நாடித் துடிப்பு தொண்ணூற்றிரண்டிலிருந்து எழுபத்தாறாக இறங்கியிருந்தது. நடக்கிற குழுவிலோ ஒருவருக்கும் ஒன்றும் தேறவில்லை. என் மனைவி பத்து மீட்டர் குறைவு.

அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு என் மகள் மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு எண்ணையும் நாலு முறை சரிபார்த்துவிட்டாள். 'உட்கார்ந்திருந்தவர்கள் எப்படி முன்னேறினார்கள்? வியாழனன்று நேரில் விளக்கவும்' என்று அவள் காட்டிய அட்டவணையின் ஓரத்தில் தாங்கள் எழுதியிருந்ததை நானும் பார்த்தேன். எப்படி விளக்குவாள் பாவம்! உட்கார்ந்திருந்தால் உடம்பு தேறும், நடந்தால் கெடும் என்றல்லவா அவள் ஆராய்ச்சி சொல்கிறது? நேற்று அவள் அம்மாவிடம், "எனக்கு அளக்கவே தெரியலைம்மா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. என் ரத்தம் அப்படிச் சொல்லலாமா? அவள் வெளியே போனதும் அவளுடைய ஆய்வு முறைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு குழுவுக்குக் கொடுத்த பயிற்சியை இன்னொரு குழு திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டால் அதற்குக் கலப்படம் என்று பெயராம். கலப்படம் எங்கள் இலாகா இல்லை அம்மா, பக்கத்து இலாகா. கடைசியில் அதிலும் மாட்டிக்கொண்டேன்.

என் அனுபவத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தராசு பொய் சொல்லிப் பார்த்திருக்கிறேன், தராசுக்காரன் பொய் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எடைக்கல் தானாக எழுந்து காலை நடை போய்விட்டு வந்து ஒன்றும் தெரியாத மாதிரி தட்டில் உட்கார்ந்ததை முதல்முறையாக என்னிடம்தான் பார்க்கிறேன். அதற்குத் தராசு என்ன செய்யும்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான். தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள். வேண்டுமானால் தங்கள் வகுப்பில் வந்து நிற்கிறேன், கட்டுப்பாட்டுக் குழு எப்படி இருக்கக் கூடாது என்று மாணவர்களுக்குக் காட்டலாம். குழந்தையின் செமஸ்டரை மட்டும் காப்பாற்றிக் கொடுங்கள்.

வயதில் மூத்தவன் என்ற முறையில் தங்களுக்கு என் ஆசிகள். குற்றவாளி என்ற முறையில் வணக்கங்கள். தங்கள் குழந்தைகள் நன்றாக ஓடட்டும், தங்கள் பெற்றோர் நன்றாக நடக்கட்டும், சொன்ன குழுவில் நடக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாணவியின் தகப்பன்
(கட்டுப்பாட்டுக் குழு, ஆறாம் எண்)

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் ரத்து செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். உறையில் போட்டு ஒட்டுவதற்குள் என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று முழுக்கப் படித்துவிட்டாள். திட்டப் போகிறாள் என்று பார்த்தால், மெதுவாக எதிரே உட்கார்ந்து, "நாங்க மட்டும் நடந்தோம்னு யார் சொன்னது?" என்றாள். நடக்கிற குழுவில் தையற்கார அம்மாளுக்கு இரண்டாம் நாளே முழங்கால் பிடித்துக்கொண்டதாம். "ஒருத்திய மட்டும் உக்கார வெச்சிட்டு அஞ்சு பேர் எப்படிங்க நடக்கறது? அவ மனசு என்ன பாடுபடும்?" என்று ஆறு பேரும் எட்டு வாரமும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருக்கிறார்கள். அப்படியானால் கருவியில் தினம் ஆறாயிரம் அடி எப்படி ஏறியது என்று கேட்டேன். ஆறு கருவியையும் ஒரு பையில் போட்டுப் பால் பாக்கெட் போடுகிறவரிடம் கொடுத்துவிடுவார்களாம். அவர் ஐந்து கட்டிடம் மாடி ஏறி இறங்குகிறவர்.

அதற்குள் மகள் உள்ளே வந்துவிட்டாள். கடிதத்தைக் கையில் வாங்கினாள். நானும் அவள் அம்மாவும் திருட்டுப் பசங்கள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். கடைசி வரி வரை படித்தாள், அம்மா சொன்னதையும் கேட்டாள். அட்டவணையை எடுத்து இரண்டு குழுவின் எண்களிலும் விரலை ஓட்டினாள். பிறகு, "அப்ப நடந்தவங்க தேறியிருக்காங்க. உக்காந்தவங்க அப்படியே இருக்காங்க. நான் தப்பா அளக்கலைப்பா! நான் தப்பாவே அளக்கலை!" என்று குதித்தாள் பாருங்கள், கீழ் வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார். குழுவின் பெயரை மாற்றிப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நான் யோசனை சொன்னேன். "அது இன்னொரு கள்ள எடைப்பா. நடந்ததை நடந்தபடி எழுதப் போறேன். ஆராய்ச்சி கெட்டுப்போச்சுன்னும் எழுதுவேன், எப்படிக் கெட்டுச்சுன்னும் எழுதுவேன். மேடம் என்ன சொன்னாலும் சரி" என்றாள். இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன், விடவில்லை. பின்னிணைப்பாகச் சேர்த்து வியாழனன்று அவளே கொண்டு வருவாள்.

உடனே தாளில் கட்டம் போட்டு எங்களை விசாரிக்கத் தொடங்கினாள். தேதி, நேரம், தூரம், எல்லாவற்றையும் கேட்டாள். காரணம் என்று ஒரு கட்டம். உன் அம்மாவின் நீல பெல்ட்டைப் பார்த்த பொறாமை என்று சொன்னேன். எழுதப் போனவள் நிறுத்தினாள். "நீங்க நடக்க ஆரம்பிச்சது மூணாவது நாள்னு எழுதியிருக்கீங்க. கருவி வர லேட்டாயி, அம்மாவுக்கு நான் பெல்ட் கொடுத்ததே அஞ்சாவது நாள்பா." அளக்கக் கற்றவளிடம் ஒன்றும் எடுபடாது. சொன்னேன்: "மொத நாள் என் கையைப் பிடிச்சு எண்ணி, தொண்ணூத்தி ரெண்டுன்னு எழுதினியே, இவ்வளவு அதிகமான்னு அப்ப உன் முகம் விழுந்துபோச்சு. நீ ஒண்ணும் சொல்லலை, அளக்கறவ யாருக்கும் யோசனை சொல்லக் கூடாதுன்னு உன் விதி. ரெண்டு நாள் தாங்கினேன். அதுக்கு மேல நாற்காலியில உக்கார முடியலைம்மா."

பென்சிலைத் தாளில் வைத்தாள். என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'இதர' என்று எழுதி, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்து யாரு? கண்டக்டர் மாமாவை வரச் சொல்லுங்க" என்றாள்.